வேலியில்லாத கரை

பார்படாஸ் தீவில் தனியார் கடற்கரை என்று ஒன்று கிடையாது. ஓர் இரவுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கும் விடுதியானாலும் அதன் புல்வெளி முடியும் இடத்தில் அதிகாரமும் முடிந்துவிடும். அதற்கப்பால் இருக்கும் மணல் ஊராருடையது. கரீபியனில் விடுமுறைக்கு எந்தத் தீவுக்குப் போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நீலக் கடலும் வெள்ளை மணலும் தென்னையும் அந்தப் பக்கம் எல்லாத் தீவிலும் உண்டு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, 'யார் நீங்கள், எந்த அறை?' என்று எவரும் கேட்காமல் கரையோரமாகவே நடந்துபோகும் உரிமை எல்லாத் தீவிலும் கிடையாது. ஜமைக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1956-இல் வந்த கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொதுமக்களுக்குக் கரையின்மேல் பொதுவான உரிமை எதையும் தரவில்லை. பிறந்த ஊர்க் கடலில் குளிக்க உரிமை கேட்டு ஜமைக்காக்காரர்கள் இன்னும் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

பார்படாஸ் சின்னத் தீவு. நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23, மக்கள் ஏறத்தாழ 2.8 லட்சம். மற்றக் கரீபியன் தீவுகள் வில்போல் வளைந்து நிற்க, இது மட்டும் அந்த வரிசையை விட்டுக் கிழக்கே தள்ளி அட்லாண்டிக்கில் தனியாகக் கிடக்கிறது. எரிமலை எழுப்பிய தீவும் அல்ல; பெரும்பகுதி பவளச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அந்தப் பாறை வழியே வடிகட்டி இறங்குவதால் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கலாம். விடுதிக்காரர் பாட்டில் தண்ணீருக்குத் தனியாகக் காசு கேட்டால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. பெரும்பாலும் லண்டன் வழியாகப் போக வேண்டும். போய் இறங்கியபின் ஊர் சுற்றுவதற்கு வாடகைக் கார் வேண்டாம் என்பது என் கட்சி. நீல நிறத்தில் அரசுப் பேருந்து, மஞ்சள் நிறத்தில் தனியார் சிற்றுந்து, இவை இரண்டுக்கும் நடுவில் புகுந்து புறப்படும் வெள்ளை வேன். பக்கவாட்டில் அரக்குப் பட்டை போட்ட அந்த வேனை எண் பலகையின் முதலெழுத்துகளைக் கொண்டு 'செட் ஆர்' என்பார்கள். உள்ளே காது கிழியும் பாட்டு. பத்துப் பேர் இருக்கையில் பதினாறு பேர். எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் ஒன்றுதான்: 3.50 பார்படாஸ் டாலர். இரண்டு பார்படாஸ் டாலர் சேர்ந்தால் ஓர் அமெரிக்க டாலர். 1975-இலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை. நிறுத்தப் பலகைகளில் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். 'நகரத்துக்கு', 'நகரத்திலிருந்து வெளியே' என்று இரண்டே வகைதான். நகரம் என்றால் பிரிட்ஜ்டவுன். அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். வண்டியில் ஏறும்போது பொதுவாக எல்லாருக்கும் ஒரு காலை வணக்கம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் திட்டமாட்டார்கள்; வளர்ப்பு சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மேற்குக் கரையில் பெயின்ஸ் விரிகுடாவில் இறங்கி வடக்கே ஹோல்டவுன் வரைக்கும் மணலிலேயே நடப்பது இந்தத் தீவைப் புரிந்துகொள்ள நல்ல வழி. காற்றுக்கு மறைவான பக்கம் என்பதால் கடல் அடங்கிக் கிடக்கும். முழங்கால் ஆழத்தில் நின்று பார்த்தால் கால்விரல் நகம் தெரியும். கொஞ்சம் நீந்திப் போனால் பச்சை ஆமைகள் அடியில் புல் மேய்வதைப் பார்க்கலாம். நடையில் ஒரே ஒரு எச்சரிக்கை: தண்டில் சிவப்பு வளையம் பூசிய மரங்களின் கீழே ஒதுங்கக் கூடாது. மஞ்சினீல் என்ற அந்த மரத்தின் பால் பட்டால் தோல் வெந்துவிடும். மழைக்கு அதன் அடியில் நின்றால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே கொப்புளம் கிளப்பும். பழம் சிறிய ஆப்பிள் மாதிரி அழகாக இருப்பது இன்னும் மோசம்.

வழியில் வருகிறது சாண்டி லேன். ரொனால்ட் ட்ரீ என்ற முன்னாள் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு கரும்புத் தோட்ட நிலத்தை வாங்கி 1961-இல் திறந்த விடுதி. 1998-இல் மூடி, முற்றாக இடித்துக் கட்டி, 2001-இல் மறுபடி திறந்தார்கள். டைகர் உட்ஸ் 2004-இல் திருமணம் செய்துகொண்டது இங்கேதான். கான்கார்ட் விமானம் பறந்த காலத்தில் லண்டன் பணக்காரர்கள் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு இந்தக் கரைக்கு வந்துவிடுவார்கள். நான் போன அன்று அந்தக் கட்டடத்துக்கு முன்னால், அதே மணலில், ஓர் உள்ளூர்க் குடும்பம் பெரிய டப்பாவில் கோழியும் மக்ரோனி பையும் கொண்டுவந்து துண்டு விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பாட்டி கழுத்தளவு நீரில் நின்று இன்னொரு பாட்டியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். கடலில் நின்றபடி மணிக்கணக்கில் பேசுவது அங்கே வயதானவர்களின் வழக்கம். விடுதிக் காவலர் புல்வெளியின் ஓரத்தில் நின்றார். மணலில் காலை வைக்கவில்லை.

இது தானாக வந்த மரியாதை அல்ல. 1980களின் தொடக்கத்தில் விடுதிகளுக்கு முன்னால் உள்ள கரையை விடுதிகளின் கட்டுப்பாட்டில் விடலாம் என்ற பேச்சு சுற்றுலா வாரியத்தின் மேல்மட்டத்திலிருந்தே கிளம்பியது. மைட்டி கேபி என்ற கலிப்சோப் பாடகர் 1982-இல் 'ஜாக்' என்று ஒரு பாட்டுப் போட்டார். வாரியத் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இந்தக் கரை என்னுடையது என்று அடித்துப் பேசும் பாட்டு. தீவே பாடியது. பேச்சு அடங்கியது. ஆனாலும் இழுபறி ஓயவில்லை. மணல் பொது என்றாலும் சாலையிலிருந்து மணலுக்கு இறங்கும் சந்து பொதுவாக இருந்தால்தானே அதில் அர்த்தம் உண்டு? மேற்குக் கரைச் சாலையில் போனால் மாளிகை மதிலுக்கு மதில் ஒட்டிக் கிடக்கிறது; கடல் கண்ணில் படுவதே அரிது. இடையில் ஓர் ஆள் அகலத்துக்கு விட்டிருக்கும் சந்துகளை ஊர்க்காரர்கள் கண்கொத்திப் பாம்பாகக் காத்துவருகிறார்கள்.

ஹோல்டவுனில்தான் 1627-இல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1625-இல், ஒரு கப்பல் வந்து இறங்கித் தீவைத் தன் மன்னனுக்கு உரிமை கொண்டாடிவிட்டுப் போயிருந்தது. ஊர் நடுவில் இருக்கும் நினைவுத்தூணோ அது நடந்தது 1605-இல் என்கிறது. தவறு என்று எல்லாருக்கும் தெரியும், கல்லை மாற்றவில்லை. அதே ஊரில் வண்ணம் பூசிய சின்ன மரவீடுகளில் நகைக்கடையும் நீச்சலுடைக் கடையும் நடத்துகிறார்கள். படம் எடுக்க அழகு. அந்த வீட்டின் வடிவத்துக்குக் காரணம் அழகு அல்ல. 1640களில் கரும்பு வந்தது; கூடவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் வந்தார்கள். 1661-இல் இங்கே எழுதிய அடிமைச் சட்டத்தை மற்ற ஆங்கிலக் குடியேற்றங்கள் பார்த்து எழுதிக்கொண்டன. 1816-இல் புஸ்ஸா என்ற அடிமையின் பெயரால் அறியப்படும் கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கினார்கள். 1838-இல் முழு விடுதலை கிடைத்தபோது நிலம் ஓர் அங்குலம்கூட விடாமல் தோட்டக்காரர்களின் கையில் இருந்தது. விடுதலை பெற்றவர்கள் அவர்களுடைய நிலத்தில்தான் குடிசை போட வேண்டும். போ என்றால் போக வேண்டும். அதனால் அடித்தளத்துக்குக் கல்லைச் சும்மா அடுக்கி, மேலே பலகைகளை எளிதில் கழற்றும்படி பொருத்தினார்கள். முதலாளி துரத்தினால் வீட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். சாட்டல் வீடு என்பது இதுதான். மண்ணில் ஒரு முழம் சொந்தமில்லாமல் வாழ்ந்த ஜனங்கள் கடற்கரை மணலை ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பது இந்த வீடுகளைப் பார்த்தபின் எனக்குப் புரிந்தது.

நிலம் முழுக்கத் தோட்டக்காரர்களிடம் இருந்ததாலேயே, கூலிக்கு ஆள் கிடைக்காத கவலை பார்படாசுக்கு வரவில்லை. டிரினிடாட், கயானாபோல இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக இறக்கவும் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் போனது வடக்கே உள்ள பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும். பார்படாசில் இருக்கும் இந்தியர்கள் பெரும்பாலும் 1910களிலிருந்து துணி மூட்டையோடு வந்த வங்காளிகள், சூரத் பக்கத்துக் குஜராத்தியர்கள் ஆகியோரின் வழிவந்தவர்கள். டிரினிடாட் வழியாக வந்த ரொட்டி மட்டும் தீவு முழுக்க ஆட்சி செய்கிறது. கறியை வைத்துச் சுருட்டிய அந்த ரொட்டியை விற்கும் உள்ளூர்ச் சங்கிலிக் கடை செஃபெட். 1996-இல் இங்கே கால் வைத்த மெக்டொனால்ட்ஸ் ஆறேழு மாதத்தில் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு ரொட்டியும் மக்ரோனி பையும் வறுத்த ஈரப்பலாவும் துணை. அதற்குமேல் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஹோல்டவுனுக்கு வடக்கே வெஸ்டன் என்ற மீனவக் குப்பத்தில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஜான் மூர் பார்தான் என் கணக்கில் உண்மையான கடற்கரை மதுக்கடை. மூங்கில் கூரையும் ரெக்கே பாட்டும் காக்டெயில் குடையும் எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மங்கலான குழல்விளக்கு, பலகைமேல் டொமினோ காய்களை அறைந்து வைக்கும் ஓசை. ரம் கடை என்பது தீவில் ஊருக்கு ஊர் உண்டு. அதுதான் மளிகைக் கடை, அதுதான் வாக்குச் சேகரிக்கும் இடம், அதுதான் கிரிக்கெட் விவாத மன்றம். ரம்மைக் கோப்பையில் ஊற்றிக் கேட்பது விருந்தாளிப் பழக்கம். ஊர்க்காரர்கள் சின்னப் புட்டியாக வாங்குவார்கள். கூடவே ஒரு கிண்ணம் ஐஸ்கட்டி, கலந்துகொள்ள சோடாவோ தேங்காய்த் தண்ணீரோ. சனிக்கிழமையானால் ஊறவைத்த பன்றி இறைச்சியும் ஆவியில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குப் புட்டும் வரும். நான் போன மாலை கல்லாவில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, கோலி இன்னும் ஆட வேண்டுமா வேண்டாமா என்பது. நான் பதில் சொல்வதற்குள் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள், மூன்றும் வேறு வேறு.

ரம் பிறந்த இடங்களில் இதுவும் ஒன்று. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகிலிருந்து சாராயம் வடிக்கலாம் என்பதை 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே கண்டுகொண்டார்கள். மவுண்ட் கே ஆலைக்கு 1703-ஆம் ஆண்டுப் பத்திரம் சாட்சியாக இருக்கிறது. இப்போது சுவைக்காரர்கள் தேடிப் போவது செயின்ட் பிலிப் வட்டாரத்து ஃபோர்ஸ்கொயர் ஆலை. ரம் பஞ்சுக்கு ஊரெல்லாம் ஒரே வாய்பாடு: எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, சர்க்கரைப் பாகு இரண்டு, ரம் மூன்று, தண்ணீர் நான்கு. மேலே சில துளி கசப்புச் சாறு, துருவிய ஜாதிக்காய். விடுதிகளில் இதில் ரம்மைக் குறைத்துப் பழச்சாற்றைக் கூட்டிச் செந்நிறமாக்கி நான்கு மடங்கு விலைக்குத் தருகிறார்கள். பங்கு பிசகாமல் கலந்ததைக் குடித்தவர் இரண்டாவது கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விடுதிகளைக் குறை சொல்லவே வந்தவன் அல்ல நான். மேற்குக் கரை விடுதி ஒன்றில் ஓர் இரவு தங்கினேன். குளிர்ந்த துண்டு வந்தது. வெட்டிய மாம்பழம் வந்தது. கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துத் தருவதற்கென்றே ஒருவர் வந்தார். கூச்சமாக இருந்தது, அரைமணி நேரத்தில் பழகிவிட்டது. படுக்கையிலிருந்து பத்தடியில் கடல் கிடக்கும் சுகத்துக்கு விலை போட முடியாதுதான். ஆனால் அவர்கள் விலை போட்டிருந்தார்கள். ஒருநாளைக்கு அது போதும். எனக்கு ஒத்துவராதது வேறு வகை: எல்லாம் அடக்கம் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, மணிக்கட்டில் பட்டை கட்டி, உள்ளேயே தின்னவும் குடிக்கவும் வைக்கும் வளாகங்கள். ஜமைக்காவில் 1981-இல் தொடங்கிய சாண்டல்ஸ் இந்த முறையைக் கரீபியன் முழுக்கப் பரப்பியது. பார்படாசிலும் செயின்ட் லாரன்ஸ் கேப்பில் இருக்கிறது. குழந்தை பெற்றுக் களைத்தவர்களுக்கும் தேனிலவுக்காரர்களுக்கும் அது சௌகரியம், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே காசு கட்டிய சாப்பாடு உள்ளே காத்திருக்கும்போது யார் தெருவைத் தாண்டிப்போய் மீன் ரொட்டி வாங்குவார்? வெளியே கடை வைத்திருப்பவருக்கு அந்த விருந்தாளி கண்ணில்கூடப் படுவதில்லை.

தென்கிழக்கில் இருக்கும் கிரேன் விடுதி என் மனசுக்குப் பிடித்தது. 1887-இல் திறந்து இன்றுவரை நடக்கிறது. ஒருகாலத்தில் கப்பல் சரக்கைப் பாரந்தூக்கியால் ஏற்றி இறக்கிய செங்குத்துப் பாறை. அதன் தலையில் விடுதி, காலில் இளஞ்சிவப்புச் சாயல் படிந்த மணல். விடுதியில் தங்குபவர்களுக்குக் கண்ணாடி மின்தூக்கி உண்டு. மற்றவர்கள் பொதுவழியாக இறங்கி அதே அலையில் அடிபடலாம். அடிபடலாம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இந்தப் பக்கம் அட்லாண்டிக், மேற்குக் கரையின் குளம் அல்ல. இன்னும் வடக்கே பாத்ஷீபாவில் அலை அடித்து அடித்து அடிப்பாகம் தேய்ந்த பெரும் பாறைகள் காளான்களாக நிற்கின்றன. அங்கே 'சூப் கிண்ணம்' என்று பெயர் வாங்கிய அலையில் உலகத்து அலைச்சறுக்கு வீரர்கள் வந்து விளையாடுகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி. 2011-இலிருந்து சில பருவங்களில் சர்காசம் என்ற பழுப்புப் பாசி இந்தக் கரைகளில் மலைமலையாக ஒதுங்கி அழுகுகிறது. கெட்ட முட்டை நாற்றம். முன்பதிவுக்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ்டவுனும் அதை ஒட்டிய காரிசன் படைப்பகுதியும் 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. 1751-இல் பத்தொன்பது வயது ஜார்ஜ் வாஷிங்டன் நோயாளி அண்ணனுக்குக் கடல்காற்றுத் தேடிக் கூட வந்து தங்கிய வீடு காரிசனில் இருக்கிறது. அவர் வாழ்நாளில் போன ஒரே வெளிநாடு இதுதான். அம்மை வாங்கிக்கொண்டு திரும்பினார். நம்மவர்களுக்கு அதைவிடக் கென்சிங்டன் ஓவல் முக்கியம். 1997-இல் சச்சின் தலைமையில் இந்தியா 120 ரன்னைத் துரத்தி 81-இல் சுருண்ட மைதானம். 2024 ஜூன் 29 அன்று இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று ரோகித் சர்மா ஆடுகளத்துப் புல்லை வாயில் போட்டுக்கொண்ட மைதானமும் அதுவே. கோப்பையோடு கிளம்ப முடியாமல் அணி அங்கேயே சில நாள் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். பெரில் புயல் வந்துகொண்டிருந்தது. தீவின் தெற்கே ஒதுங்கிப்போன அந்தப் புயலில் வீடுகள் பெரும்பாலும் தப்பின. மீன்பிடிப் படகுகள் தப்பவில்லை. துறையில் கட்டியிருந்தவற்றில் பெரும்பகுதி ஒன்றோடொன்று மோதி உடைந்தன.

படகு உடைந்தால் தட்டில் தெரியும். பார்படாஸின் தேசியச் சாப்பாடு கூகூவும் பறக்கும் மீனும். கூகூ என்பது மக்காச்சோள மாவில் வெண்டைக்காய் போட்டு மரத்துடுப்பால் கிண்டிய களி. பறக்கும் மீனை நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் கோலா மீனின் குடும்பம். ஒரு டாலர் நாணயத்தில் அதைத்தான் பொறித்திருக்கிறார்கள். பிடிக்கும் வித்தையும் ஒன்றே. சோழமண்டலக் கரையில் இலைதழைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, கோலா முட்டையிட வரும்போது வளைப்பார்கள். பார்படாஸ் மீனவர்கள் மிதக்கவிடுவது கரும்புச் சோகைக் கட்டு. இரண்டு கடல், இரண்டு ஜனம், யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ள வழியே இல்லை. இந்த மீனுக்காக டிரினிடாடோடு கடல் எல்லைத் தகராறு முற்றி, 2006-இல் பன்னாட்டுத் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. முள்ளோ ஏராளம். சந்தையில் பெண்கள் ஒரு மீனைச் சில நொடிகளில் பிளந்து முள்ளெடுப்பதைப் பார்ப்பதற்கே காசு கொடுக்கலாம். மெனுவில் டால்பின் என்றிருந்தால் பதற வேண்டாம். அது மாஹி மாஹி என்ற மீன்.

போகும் காலம் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மழை குறைவு, விலை உச்சம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், விலை இறங்கும். கரும்பு அறுவடை முடிவைக் கொண்டாடும் கிராப் ஓவர் திருவிழா ஆகஸ்ட் முதல் திங்களன்று ஊர்வலத்தோடு முடியும் என்பதால், ஆட்டம்பாட்டம் வேண்டுவோர் துணிந்து அப்போது போகலாம். ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடையை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். அதைப் படையினர் தவிர யாரும் அணியக் கூடாது, குழந்தைகளுக்கும் விலக்கில்லை.

வெள்ளிக்கிழமை இரவை ஆய்ஸ்டின்ஸுக்கு ஒதுக்க வேண்டும். தெற்குக் கரையின் மீன் சந்தை அன்றைக்குத் திருவிழாவாகிவிடும். தகரக் கொட்டகைகளில் மார்லினும் டூனாவும் மாஹி மாஹியும் கரியில் வேகும். வரிசை நீளமான கடையில் நில்லுங்கள். காரணமில்லாமல் அங்கே கூட்டம் சேராது. சாண்டி லேன் விருந்தாளியும் வெஸ்டன் மீனவரும் ஒரே நீளப் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, மிளகாயும் கடுகும் சேர்த்த மஞ்சள் காரச் சாறு கண்ணில் தண்ணீர் வரவைக்க, நுரைக்கும் பேங்க்ஸ் பீரைப் பற்றிக்கொள்வார்கள். மேடைப் பக்கம் இளவட்டங்களின் சோகா இசை அதிரும். அதைத் தாண்டிக் கரையோரமாகப் போனால் லெக்ஸீஸ் என்ற சின்ன பார். அங்கே எழுபது வயதுத் தம்பதிகள், ஆண்கள் தொப்பியும் தேய்த்த கால்சட்டையுமாக, பழைய மெட்டுகளுக்கு அடி பிசகாமல் ஜோடி நடனம் ஆடிக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை பார்க்கும் வெளியூர்க்காரரை யாராவது ஒரு பாட்டி கையைப் பிடித்துத் தளத்துக்கு இழுத்துவிடுவது உண்டு. எனக்கு வாய்த்த பாட்டி இரண்டு சுற்றுக்குப் பிறகு என் கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு, போய் இன்னொரு மீன் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.